முதலில் வயரிங், அப்புறம் டர்போ

பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, அதில் இன்னும் பெரிய டர்போவும் பெரிய இஞ்செக்டர்களும் மாட்டி, கம்பெனி கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு சக்தி எடுப்பது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றிவிட்ட பொழுதுபோக்கு. அப்படிப்பட்ட காரின் பானெட்டைத் திறந்தால் காசு எங்கே போயிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பளபளக்கும் அலுமினியக் குழாய்கள், அகலமான இன்டர்கூலர், விலையுயர்ந்த டர்போ. வயரிங் மட்டும் பெரும்பாலும் முப்பது வருடம் பழையதாக இருக்கும். நடுநடுவே கறுப்பு டேப் சுற்றிய ஒட்டுகள் தெரியும். செலவு செய்யும் இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். டர்போ எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பம்புக்கும் சென்சார்களுக்கும் போகிற வயர்கள் ஈடுகொடுக்கிற அளவுக்குத்தான் இஞ்சினும் ஈடுகொடுக்கும்.

இதற்குச் சரியான உதாரணம், 1990 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த முதல் தலைமுறை மிட்சுபிஷி எக்லிப்ஸ். கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டாகத் தொடங்கிய டைமண்ட்-ஸ்டார் மோட்டார்ஸ், இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் இதைத் தயாரித்தது. டர்போ மாடல்களில் இருந்தது 2 லிட்டர் 4ஜி63 இஞ்சின்; பின்னாளில் லான்சர் எவல்யூஷனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததும் இதே குடும்பம்தான். நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வந்த லான்சரில் இருந்தது டர்போ இல்லாத சாதுவான இஞ்சின். எக்லிப்ஸின் 4ஜி63 வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது. கம்பெனியிலிருந்து 195 குதிரைத்திறனோடு வந்ததை இரண்டு மடங்குக்கு மேலும் உயர்த்தியவர்கள் ஏராளம். இரும்பு தாங்கிவிடுகிறது. மின்சாரப் பக்கம்தான் முதலில் கைவிடுகிறது.

டர்போ சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது; அந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், ஸ்பார்க் கொஞ்சம் தாமதித்து வர வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. ஆனால் முழு பூஸ்டில் ஓடும்போது, உள்ளே சூட்டைக் கட்டுக்குள் வைக்க, காற்றை 11, 11.5 பங்கு என்று குறைத்துப் பெட்ரோலைத் தாராளமாக விடுவார்கள். அந்தத் தாராளம் குறைந்தால், ஸ்பார்க் மூட்டிய நெருப்பு வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். சாதாரண இஞ்சினில் அது எரிச்சலூட்டும் ஒரு சத்தம். முழு பூஸ்டிலோ சில நொடிகளில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பையே உடைத்துவிடும். 6,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய ஆகும் நேரம் 20 மில்லிசெகண்ட். அதற்குள் ஈசியூ எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி காற்றை அளந்து, பெட்ரோலைக் கணக்கிட்டு, இஞ்செக்டரைத் திறந்து மூடியாக வேண்டும். அது எதை அறிந்தாலும் எதைச் செய்தாலும் வயர் வழியாகத்தான்.

பெட்ரோல் பம்பையே எடுத்துக்கொள்வோம். பம்ப் இருப்பது பின்னால், டேங்குக்குள். மின்சாரம் புறப்படுவது முன்னால், பேட்டரியில். நடுவே மெல்லிய வயர், ரிலே எனப்படும் பழைய மின்சுவிட்ச், பச்சை பூத்த நாலைந்து கனெக்டர்கள். இந்தப் பாதை முழுவதற்கும் சேர்த்துத் தடை 0.2 ஓம் என்று வையுங்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். பெரிய பம்ப் 10 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.2 ஓம் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்கிறது. பம்புக்குப் போய்ச் சேர்வது 11.5. லோ வோல்டேஜில் சுற்றும் மின்விசிறி போல பம்ப் சோர்ந்துவிடுகிறது. அதுவும் எந்த நேரத்தில்? இத்தகைய இஞ்சினில் பூஸ்ட் ஏற ஏற பெட்ரோலின் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும். சும்மா ஓடும்போது 3 பார் போதும் என்றால், 1.5 பார் பூஸ்டில் 4.5 பார் வேண்டும். அழுத்தம் கூடினால் பம்ப் இழுக்கும் கரன்ட் கூடும். கரன்ட் கூடினால் வயரில் இழப்பு கூடும். ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாத காரில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த கணத்தில் பெட்ரோல் குறைவது இப்படித்தான். பழி மட்டும் டர்போ மேலே விழுகிறது.

பரிகாரம் எளிது. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ், டேங்குக்குப் பக்கத்தில் ஒரு ரிலே, அங்கிருந்து பம்ப். எர்த் பக்கத்துக்கும் அதே தடிமனில் வயர். பழைய வயரின் வேலை இனி ரிலேயை இயக்குவது மட்டும். இந்தப் பழைய வயரை வெட்டி எறிந்துவிட்டு ரிலேயை நேரே சாவியோடு இணைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. விபத்தில் இஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவது ஈசியூவிடமிருந்து வரும் அந்தப் பழைய வயர்தான். அதை எடுத்துவிட்டால், குழாய் உடைந்து கிடந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எர்த் விஷயம் இன்னும் நுட்பமானது. எக்லிப்ஸில் கம்பெனி வைத்த காற்று அளவி, காற்றோட்டத்தில் உண்டாகும் சுழிகளை எண்ணி, எண்ணிக்கையாகவே ஈசியூவுக்கு அனுப்பியது. சக்தியை நிறைய உயர்த்துபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, அழுத்தத்தை அளக்கும் 3 பார் சென்சார் ஒன்றை வைக்கிறார்கள். காற்றின் பாதையில் இருந்த தடை நீங்குகிறது, நல்ல மாற்றம்தான். ஆனால் புதிய சென்சார் பேசுவது 0 முதல் 5 வரையிலான வோல்ட்டில். ஒரு வோல்ட் என்பது ஏறத்தாழ 0.6 பார். சென்சாரின் எர்த்தை பாடியில் ஓரிடத்திலும் ஈசியூவின் எர்த்தைத் துருப்பிடித்த போல்ட் ஒன்றிலும் மாட்டி, இரண்டுக்கும் இடையே 0.3 வோல்ட் வித்தியாசம் வந்தால், 2.5 பார் அழுத்தத்தை ஈசியூ 2.3 என்று படிக்கக்கூடும். அந்தக் கணக்குக்கே பெட்ரோலை விடும். 11.5 என்று கேட்ட கலவை 12.4 ஆகிவிடும். ஆகவே சென்சார்களின் எர்த் எல்லாம் ஈசியூவில் அதற்கென்று இருக்கும் பின்னுக்கே திரும்ப வேண்டும். ஈசியூவின் எர்த் இஞ்சின் பிளாக்கில், பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் உட்கார வேண்டும். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரும் வோல்ட்டில்தான் செய்தி அனுப்புகிறது என்றால் அதிலும் இதே பிழை புகும். பிறகு டியூன் செய்பவர் எதை நம்புவார்? 1986-இல் போஷ் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறை இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் அளவுகள் எண்களாகவே போவதால் அரை வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் மதிப்பு மாறாது.

புது ஈசியூ வாங்கிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். தீராது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் வயர் சொல்வதைத்தான் அது நம்பும். உண்மையில், எக்லிப்ஸ் வைத்திருப்பவர் புதுப் பெட்டிக்குப் பணம் சேர்க்கும் முன், டாஷ்போர்டுக்குக் கீழே நடுவில் இருக்கும் பழைய ஈசியூவைத் திறந்து பார்ப்பது நல்லது. அந்தக் கார்களில் போர்டின் மேல் உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசிவது ஊரறிந்த கோளாறு. பெட்டியைத் திறந்ததும் மீன் கவிச்சி போல ஒரு வாடை அடிக்கும்; கசிந்த திரவம் செப்புக்கோடுகளை அரித்திருக்கும். ஐடிலிங் தடுமாறுவதும் காரணமில்லாமல் இஞ்சின் அணைவதும் இதனால் வரலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், சில கெப்பாசிட்டர்களை மாற்றிச் சால்டர் செய்வதோடு வேலை முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலே டர்போ ஓடவில்லையா என்பது வலுவான கேள்வி. ஓடியது. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார்புரேட்டரோடு டர்போவை ஓட்டியது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இஞ்சினுக்குள் பீய்ச்சியது. திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்க ஒரு வால்வு. திரவத்தை நிரப்ப மறந்தவர்களால் தொல்லைகள் பெருகி, இரண்டே மாடல் ஆண்டுகளில் கார் நின்றுபோனது. 1970களின் சாப் 99 டர்போ, மெக்கானிக்கல் முறையில் பெட்ரோலை விட்டு, இஞ்சினின் கம்ப்ரெஷனைக் குறைத்துவைத்துச் சமாளித்தது. 1980களின் தொடக்கத்தில் அதே சாப், நாக்கிங்கைக் கேட்டறிந்து பூஸ்டைக் குறைக்கும் மின்னணு அமைப்பைக் கொண்டுவந்த பிறகுதான் கம்ப்ரெஷனைத் துணிந்து உயர்த்த முடிந்தது. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத டர்போ குறைந்த சக்தியோடு ஓடும் என்பதற்குத்தான் அந்தக் கார்கள் சாட்சி.

கம்பெனி வயரிங்கைத் தொடவே கூடாது என்கிறவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வயரிங் கிட் முழுவதையும் உருவி எடுத்துவிட்டு மறுபடி கோர்க்க முடியாமல் ஷெட்டிலேயே மக்கிப்போகும் கார்கள் நிறைய. லைட், வைப்பர், கண்ணாடி மோட்டார் ஆகியவற்றின் வயர்களைத் தொட அவசியமே இல்லை. சுமை மாறிய பாதைகளையும் சூட்டில் வெந்த வயர்களையும் மட்டும் மாற்றினால் போதும். சாதாரண பிவிசி வயர் டர்போ பக்கத்தில் இருந்தால் உறை காய்ந்து வெடிக்கும். 125 டிகிரி தாங்கும் ஆட்டோமொபைல் வயர் அங்கே வேண்டும். விமானத் தரத்தில் 150 டிகிரி தாங்கும் வயர்தான் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ரேஸ் காருக்கு அது பொருந்தும். வார இறுதியில் ஓடும் காருக்கு அந்தப் பணம் நல்ல கிரிம்பிங் கருவிக்குப் போகட்டும். சால்டர் செய்த இணைப்பு கரன்ட்டை நன்றாகக் கடத்தும் என்பது சரிதான். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடுகிறது. இஞ்சின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கார் கம்பெனிகள் வயரிங் கிட்டில் டெர்மினல்களைக் கிரிம்ப் செய்வது அனுபவம் சொல்லிக்கொடுத்த முடிவு. வயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை இஞ்சின் அறைக்குள் விடவே கூடாது.

இந்தியாவில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் 2019-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் தயாரிப்பாளரின் அடிப்படை வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றத் தடை விதிக்கின்றன. ஆகவே இரட்டிப்புச் சக்தி என்பது இங்கே ரேஸ் டிராக்கோடு நிற்க வேண்டிய ஆசை. தேய்ந்த எர்த்தைச் சுத்தம் செய்வதும் வெந்த வயரை மாற்றுவதும் பராமரிப்புதான். வயதான எந்தக் காருக்கும் அது பொருந்தும். டர்போ கார் கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையிலும் பம்ப் முனையிலும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெரிய டர்போவுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.