உறைபனி நாட்டில் கான்கிரீட் முற்றம்

கனடாவின் தென் ஒன்டாரியோவில், வீட்டின் கராஜுக்கும் தெருவுக்கும் இடையே போடப்படும் கான்கிரீட் டிரைவ்வேயையும் பின்முற்றத்துத் தளத்தையும் கெடுப்பது கடுங்குளிரே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில், ஈரமற்ற கான்கிரீட் சுழியத்துக்குக் கீழே முப்பது பாகை வரையிலும் சேதமின்றித் தாங்கும். அதைத் தகர்ப்பது, நீரில் ஊறிய நிலையில் சுழியத்தைத் திரும்பத் திரும்பக் கடக்க நேர்வதுதான். டொராண்டோவைப் போன்ற ஊர்களில், பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் பலமுறை வந்து போகின்றன.

சிமெண்டுடன் வேதிவினை புரிந்தது போக எஞ்சிய நீர், கான்கிரீட்டில் மயிரிழையினும் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. மழைநீரும் உருகிய பனியும் அத்துளைகளில் புகுந்து உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடுவதால், உள்ளிருந்து எழும் அழுத்தம் மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. இதற்குத் தீர்வு 1930களில் அமெரிக்கச் சாலைகளிலிருந்தே கிடைத்தது: அரைக்கும்போது கொழுப்புப் பொருள் கலந்துவிட்ட சிமெண்டால் போடப்பட்ட சாலைகள் பனியை நன்கு தாங்கியதைக் கண்ட பொறியாளர்கள், அக்கொழுப்பு கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழிகளை உண்டாக்கியிருந்தது என்று அறிந்தனர். உறையும் நீர் தள்ளும் மிகுதி நீருக்கு இக்குமிழிகள் ஒதுங்க இடம் தருகின்றன. ஆனால் அவை நெருக்கமாக, எந்த இடத்திலிருந்தும் சுமார் 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் ஒரு குமிழி எட்டக்கூடியவாறு பரவியிருக்க வேண்டும் என்பதைக் கான்கிரீட் ஆய்வாளர் டி. சி. பவர்ஸ் 1940களில் தம் ஆய்வுகளால் விளக்கினார். இன்று கனடிய கான்கிரீட் தரவிதி, உறைபனிக்கும் உப்புக்கும் ஆட்படும் டிரைவ்வேகளுக்கு, 28 நாளில் 32 மெகாபாஸ்கல் வலிமையும், சிமெண்டின் எடைக்கு 0.45 மடங்குக்கு மேற்படாத நீரும், வழக்கமான ஜல்லி அளவுக்கு 5 முதல் 8 விழுக்காடு காற்றும் வேண்டும் என்கிறது. ரெடிமிக்ஸ் லாரியோடு வரும் சீட்டில் இவை இருக்கின்றனவா என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை.

மேலிருந்து வரும் நீரைப் போலவே கீழிருந்து ஏறும் நீரும் தளத்துக்குப் பகையாகும். நுண்மண்ணில் ஆழத்து ஈரம் உறைபகுதியை நோக்கி ஈர்க்கப்பட்டு, தட்டையான பனிப்படலங்களாகத் திரண்டு, மேலுள்ள தளத்தைத் தூக்குகிறது. வீட்டின் அடித்தளம் உறைபனி எட்டாத ஆழத்துக்கு, தென் ஒன்டாரியோவில் சுமார் 1.2 மீட்டர் வரை, இறக்கப்படுவதால் அது அசையாது. மேலே கிடக்கும் தளமோ ஏறி இறங்கும். ஆகையால், வளமண்ணை அகற்றி 100 முதல் 150 மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் வடியும் சரளையை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்குவதும், சுவரும் தளமும் சேருமிடத்தில் நெகிழும் பட்டை வைத்து இரண்டையும் பிரிப்பதும், மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் வீதம் வீட்டைவிட்டு விலகிச் சரியும்படி வாட்டம் கொடுப்பதும் தவிர்க்கக்கூடாதவை. புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றிலும் நிரப்பிய மண் அமரக் காலம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதன்மீது அவசரமாகத் தளம் போடுவதைவிட ஓராண்டு பொறுப்பதே நல்லது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், கான்கிரீட் கொட்டப்படும் அந்தச் சில மணி நேரத்தில் எல்லாமே கெட்டுப்போக முடியும். பெரும்பாலான செதில் பெயர்ச்சிக்கு விதை விழுவதும் அப்போதுதான். கலவை எளிதாகப் பரவட்டும் என்று லாரியின் குழாயிலிருந்து கூடுதல் நீர் விடும்போது, நிர்ணயித்த விகிதம் அந்தக் கணமே போய்விடுகிறது. பரப்பிச் சமன் செய்த பிறகு, கலவையிலுள்ள நீரின் ஒரு பகுதி மேலேறி மெல்லிய பளபளப்பாகத் தேங்கும். அது தானாக ஆவியாகி, மேலே நின்றால் காலடி சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் பதியாத நிலை வரும்வரை மீண்டும் தேய்க்கக் கூடாது. காத்திருக்க மனமின்றி அந்நீரை உள்ளே தேய்த்துவிடுவதும், ஈரத்தை இழுக்கச் சிமெண்ட் தூளைத் தூவுவதும் மேற்பரப்பில் பலவீனமான தோலை உருவாக்கும். எஃகுக் கரணையால் வழவழவென்று இழைத்தால் மேல்தளத்துக் காற்றுக்குமிழிகள் வெளியேறிவிடும். எனவே துடைப்பத்தால் கோடிழுத்த சொரசொரப்பே வெளித்தளத்துக்கு ஏற்றது, நடப்பவருக்கும் வழுக்காது.

உலரும்போது கான்கிரீட் சுருங்கி விரிசல் விடுவது இயல்பு. அது கண்ட இடத்தில் விடாமல் இருக்க, 100 மில்லிமீட்டர் தளத்தில் 3 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு மறுநாளுக்குள் வெட்டுக்கோடு போடுவர். அதன்பின் குறைந்தது ஒரு வாரம் தளத்தை ஈரமாகவும் இதமான வெப்பத்திலும் வைத்திருக்கும் நீராற்றலைச் செய்தால்தான் சிமெண்ட் முழுமையாக வினைபுரிந்து துளைகள் அடைபடும். காலந்தாழ்ந்து இலையுதிர்காலத்தில் போட நேர்ந்தால், 3.5 மெகாபாஸ்கல் வலிமை வரும்முன் ஒருமுறை உறைந்தாலே நிரந்தரச் சேதம் நேரும் என்பதால், வெப்பம் காக்கும் போர்வை கட்டாயம் தேவைப்படும். அதைவிட வசந்தத்தின் பிற்பகுதியிலோ கோடையிலோ போட்டு, உப்பு படுமுன் ஒரு மாதமாவது உலர விடுவது அறிவுடைமை.

உப்பு கான்கிரீட்டை நேரடியாகத் தின்பதைவிட, அதை நெடுநேரம் ஈரமாக வைத்து, உறைதல் உருகுதல் சுழற்சிகளைப் பெருக்குவதாலேயே மிகுந்த கேடு செய்கிறது. முதல் பனிக்காலத்தில் உப்பைத் தவிர்த்து மணலைத் தூவுவதே முறை. உப்பே வாங்காத வீட்டிலும், நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் காரின் அடியில் ஒட்டிவரும் உப்புச்சேறு கராஜ் வாசலில் சொட்டுவதால், அவ்விடத்தை அவ்வப்போது கழுவி விடுவது பயன் தரும். அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் கலந்த பனியுருக்கிகளை எப்போதும் வாங்கக்கூடாது. அவை கான்கிரீட்டை வேதிமுறையிலேயே அரிக்கும்.

மேலே படலமாகப் படியும் பூச்சுகளைவிட, துளைகளுக்குள் ஊடுருவி நீரைத் தள்ளிவிட்டு ஆவியை மட்டும் வெளியேற விடும் சிலேன், சிலாக்சேன் வகைக் காப்புத் திரவங்கள் இத்தட்பவெப்பத்துக்குப் பொருத்தமானவை. அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலர்ந்த தளத்தில் மீண்டும் பூச வேண்டும். பூச வேண்டிய வேளை வந்துவிட்டதா என்று அறிய, கோடையில் ஒரு குவளை நீரைத் தளத்தில் ஊற்றிப் பார்த்தாலே போதும். தளம் உடனே கருத்து நீரை உறிஞ்சிக்கொண்டால், அடுத்த உறைபனி வருமுன் பூசிவிட வேண்டும்.