தங்கவயலில் குடியேறலாமா?

பெங்களூரில் வேலை. சம்பளத்தில் பெரும் பகுதி வீட்டு வாடகைக்கே போகிறது. "குடும்பத்தைக் கோலார் தங்கவயலுக்கு மாற்றிவிட்டால் என்ன?" என்று யோசிக்கும் தமிழர்கள் உண்டு.

யோசனை நியாயமானதுதான். தூரம் சுமார் 100 கிலோ மீட்டர். சுரங்க வேலைக்கு வட ஆற்காடு முதலான ஜில்லாக்களில் இருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர். கடைத்தெருவிலும் தமிழ், அண்டை வீட்டிலும் தமிழ். 1902-லேயே சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் பெற்ற பெருமையும் அதற்கு உண்டு.

ஆனால், 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரெயில் ஏறுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாரிகுப்பத்தில் இருந்து போக இரண்டு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் தகப்பனாரைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்.

ஆகவே வாடகையை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சீசன் டிக்கெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரெயில் தவறினால் என்ன வழி என்பதையும் விசாரியுங்கள். முதலில் ஒரு வாரம் உறவினர் வீட்டில் தங்கி, அங்கிருந்தே வேலைக்குப் போய் வாருங்கள். ஆறாம் நாளும் உடம்பு தாங்கினால், அப்புறம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.