கொரோனா தந்த நல்ல மாற்றங்கள்: செவிலிமேடு தறி வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்ன, சேராதது என்ன?

'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்ற வார்த்தை 2020-ல்தான் எல்லோர் வாயிலும் வந்தது. ஆனா காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேட்டில் அது புதுசே இல்லை. வீட்டுக்குள்ளேயே தறி, பக்கத்திலேயே அடுப்பு. கணவர் நெய்ய, மனைவி தார் சுற்ற, வீடேதான் வேலை செய்யும் இடம். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான்.

ஊரடங்கில் ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு லேப்டாப் வந்தது, மாதச் சம்பளமும் பலருக்கு வந்தது. தறி வீட்டுக்கு என்ன வந்தது? பெருந்தொற்று சில நல்ல மாற்றங்களைக் கொண்டுவந்தது என்று பேசும்போது, இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் அப்போது என்ன நடந்தது?

2019 ஜூலை, ஆகஸ்ட்டில் அத்திவரதர் தரிசனத்துக்கு 48 நாட்களில் ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் வந்த ஊர் காஞ்சிபுரம். அடுத்த சில மாதங்களிலேயே எல்லாம் தலைகீழானது. தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7-ம் தேதி உறுதியானது. பாதிக்கப்பட்டவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

பட்டுச் சேலைக்கு பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வரணும், ஜரிகை சூரத்தில் இருந்து வரணும். இரண்டும் நின்றது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் ஆளில்லாமல் நடந்தன, பல கல்யாணங்கள் தள்ளிப்போயின. கல்யாணம் இல்லைன்னா பட்டு இல்லை. நெசவாளருக்குக் கிடைப்பது சேலைக் கணக்கில் கூலி. தறி ஓடாத நாளுக்குக் காசு கிடையாது.

தமிழ்நாட்டில் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொரோனாவால் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. அதனால் 'கொரோனா நல்லது செய்தது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த நெருக்கடி, பல வருடமாகத் தள்ளிப்போட்டுக் கொண்டிருந்த சில வேலைகளைச் செய்ய வைத்தது என்பதுதான் சரி.

பெருந்தொற்றுக்குப் பிறகு தொழிலாளர் நிலை மாறுமா?

மாறியிருக்கிறது, ஆனா தானாக இல்லை. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைத் தாக்கிய பிளேக் நோயில், அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்துபோனார்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. உடனே இங்கிலாந்தில் 1349-ல் ஓர் அரசாணையும் 1351-ல் ஒரு சட்டமும் போட்டு, நோய்க்கு முந்தைய கூலியையே வாங்கணும் என்றார்கள். அப்படியும் கூலி ஏறுவதை முழுசாகத் தடுக்க முடியவில்லை. நெருக்கடி ஒரு கதவைத் திறக்கும். அது திறந்தே இருக்குமா என்பது அதற்குப் பிறகு போடும் சட்டத்தையும், கேட்பவர்களின் குரலையும் பொறுத்தது.

மாற்றம் 1: மருந்து வீடு தேடி வந்தது

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் ஆபத்து அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனா மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதே அப்போது சிக்கலாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிப்பார்கள், மாத்திரையும் கொடுப்பார்கள். இயன்முறை சிகிச்சை, படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் உண்டு. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

தறி வீட்டுக்கு இதில் என்ன லாபம்? ஒரு நெசவாளர் மாத்திரைக்காக அரசு மருத்துவமனை வரிசையில் அரை நாள் நின்றால், அரை நாள் நெசவு போச்சு. கோர்வைச் சேலையாக இருந்தால் கூட உட்காரும் துணை ஆளின் வேலையும் சேர்ந்து நிற்கும். அதனால்தான் பலர் 'அடுத்த வாரம் போகலாம்' என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள். வீட்டு வாசலுக்கு மருந்து வந்தால் அந்தக் கூலி மிச்சம்.

டாக்டரிடம் போனில் ஆலோசனை பெறுவதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியானதும் 2020 மார்ச் 25-ல்தான், அதாவது ஊரடங்கின் முதல் நாளில்.

மாற்றம் 2: சேலை போன் வழியே போனது

கடைகள் மூடிக் கிடந்தபோது காஞ்சிபுரத்தில் பல நெசவாளர்களும் சின்ன வியாபாரிகளும் வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்ப ஆரம்பித்தார்கள். வீடியோ காலில் முந்தானையை விரித்துக் காட்டினார்கள். பணம் யுபிஐ-யில் வந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுக்க யுபிஐ பரிவர்த்தனை மாதம் சுமார் 125 கோடி. 2023 ஆகஸ்ட்டில் அது முதல்முறையாக 1,000 கோடியைத் தாண்டியது.

இதனால் எல்லா நெசவாளரும் முதலாளி ஆகிவிட்டார்களா? இல்லை. பாவும் ஜரிகையும் வாங்கிப் போட கையில் முதல் வேணும். அது இல்லாதவர்கள் இன்னமும் கூட்டுறவு சங்கத்துக்கோ முதலாளிக்கோ கூலிக்குத்தான் நெய்கிறார்கள். ஆனா தன் சேலை கடையில் என்ன விலைக்குப் போகுது என்று போனிலேயே பார்த்துவிடலாம். கூலி பேசும்போது அது ஒரு பலம்.

மாற்றம் 3: உட்காரும் உரிமை

நெய்பவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். அவர் நெய்த சேலையை விற்பவர் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். ஜவுளிக்கடை ஊழியர்களுக்குக் கால் வலி, நரம்பு சுருட்டல் எல்லாம் பழைய புகார்கள்தான்.

2021 செப்டம்பர் 6-ம் தேதி தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் தாக்கலாகி, பிறகு சட்டமானது. ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி தரணும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு இருக்கணும் என்கிறது அது. கேரளாவில் இந்த உரிமை 2018-லேயே வந்துவிட்டது. இது கொரோனாவால் நேரடியாக வந்த சட்டம் இல்லை. ஆனா வேலை செய்பவரின் உடம்பைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. இப்போது கடையில் நாற்காலி இல்லைன்னா தொழிலாளர் துறையிடம் சொல்லலாம்.

மாற்றம் 4: வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை

முன்பு பிபிஓ நிறுவனங்கள் ஊழியரை வீட்டில் இருந்து வேலை செய்ய வைக்க நிறைய அனுமதிகள் வேண்டியிருந்தது. 2020 நவம்பர் 5-ம் தேதி தொலைத்தொடர்புத் துறை அந்த விதிகளைத் தளர்த்தியது. காஞ்சிபுரத்தில் இருந்து சென்னைக்கு விடியற்காலை ரயிலோ பஸ்ஸோ பிடித்து, இரவில் திரும்பும் இளைஞர்களுக்கு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே வேலை என்பது பெரிய நிம்மதி. கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு அது வேலையில் நீடிப்பதா, விடுவதா என்ற கேள்விக்கே பதில்.

மாற்றம் 5: தெருவிலேயே வகுப்பு

ஊரடங்கில் தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளிகள் 2021 நவம்பர் 1 வரை திறக்கப்படவில்லை. ஆன்லைன் வகுப்புக்கு போன் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் படித்ததையே மறந்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. வீட்டுக்குப் பக்கத்திலேயே மாலை நேர வகுப்பு, பாடம் எடுப்பது உள்ளூர் தன்னார்வலர். பெற்றோர் இருவரும் தறியில் இருக்கும் வீட்டில், சாயங்காலம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர ஒரு ஆள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, இன்னும் வராதது என்ன?

ஆபீஸ் ஊழியருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. கூலிக்கு நெய்பவருக்குக் காய்ச்சல் வந்தால் வருமானம் இல்லை. இந்த இடைவெளி 2020-லும் இருந்தது, அதற்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. 'வீட்டில் இருந்தே வேலை' என்பதில் மின்சாரச் செலவு, இட வசதி, உடல்நலம் எல்லாம் யார் பொறுப்பு என்று ஐடி துறையில் பேச ஆரம்பித்தார்கள். அதே கேள்விகளைத் தறி வீட்டுக்காகவும் கேட்டால்தான் பெருந்தொற்று கற்றுக்கொடுத்த பாடம் முழுசாகும்.

என்ன செய்யலாம்?

நெசவாளர்கள், தறி வேலைக்குத் துணை செய்பவர்கள் உட்பட 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாராத் தொழிலாளர்கள் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யலாம். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களைப் பற்றிய கணக்கு அரசிடமே இல்லை என்ற சர்ச்சைக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய தளம் இது. ஆதார், அதோடு இணைந்த மொபைல் எண், வங்கிக் கணக்கு போதும். பதிவு இலவசம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

போனில் பட்டு வாங்குபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா, கைத்தறியா விசைத்தறியா என்று வீடியோ காலிலேயே கேளுங்கள். விலை அதிகமாக இருந்தால் காரணம் கேளுங்கள். முடிந்தால், இதை நெய்தவருக்கு எவ்வளவு கூலி என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.