தையலில் ரத்தம் கசிந்தால்...

சிசேரியன் ஆகி, பெண்ணும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததும், "அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு" என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால் சகோதரிகளே, ஆபரேஷன் புண்ணில் ரத்தம் வருவதற்கு முக்கியமாக இரண்டு தவணை உண்டு. முதல் தவணை, முதல் 24 மணி நேரம். அதை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். அடுத்தது, பெரும்பாலும் 7-ம் நாளுக்கும் 14-ம் நாளுக்கும் நடுவில். புண்ணில் சீழ் பிடித்து, ரத்தக் குழாயை அரித்துவிட்டால் வருவது. அப்போது பெண் இருப்பது தாய்வீட்டில். பக்கத்தில் அம்மாவும் அப்பத்தாவும்தான்!

திண்டுக்கல்லில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேடசந்தூர், நத்தம் பக்கமிருந்து இப்படி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். கூட வந்தவர்கள் கை சும்மா இருக்காது. "நின்னுருச்சா, நின்னுருச்சா?" என்று நிமிஷத்துக்கு ஒருதரம் துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உறை ஊற்றிய பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தால் தயிர் தோயுமா? ரத்தமும் அப்படித்தான். உறைந்து குழாயின் வாயை அடைக்கச் சில நிமிஷம் வேண்டும். துணியை எடுத்தால் உறைந்தது பிய்ந்துகொண்டு வரும். மறுபடி முதலிலிருந்து கசியும்.

சரி, என்ன செய்வது?

பெண்ணைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி அடியில் தலையணை கொடுங்கள். வயிற்றுத் தையல் இழுபடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான துணியை நாலாக மடித்துப் புண்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரம் பார்த்து முழுசாக 10 நிமிஷம்! நடுவில் எடுக்கவே கூடாது. நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி.

துணி வெள்ளையாக இருக்கட்டும். நம்ம சின்னாளபட்டி சுங்குடிச் சேலை பழசானால் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் சிவப்பிலும் அரக்கிலும் ரத்தம் எவ்வளவு என்று தெரியாது. துவைத்து, வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்ட வேட்டித் துணி நல்லது. வெறும் பஞ்சு வேண்டாம், புண்ணில் ஒட்டிக்கொள்ளும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் கூடவே கூடாது.

கட்டின்மேல் சின்னக் கறைதானா? பேனாவால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, மணியையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிக் கறை பரவினால், உள்ளே இன்னும் கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அழுத்தக் கூடாது. தையல் விட்டுப்போய்க் குடல் வெளியே தெரிந்தால், உள்ளே தள்ளாதீர்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தத் துணியால் மூடி, உடனே கிளம்புங்கள்.

10 நிமிஷத்தில் நிற்கவில்லையா, முகம் வெளுத்துக் குளிர்ந்து வேர்க்கிறதா, தலை சுற்றுகிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா, 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் இலவச வண்டி. ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் போன் செய்யட்டும். பாவம் என்று காப்பி, கஞ்சி கொடுத்துவிடாதீர்கள். மறுபடி மயக்க மருந்து தர வேண்டி வரலாம். ரத்தம் நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல், சீழ் வாடை, தையலுக்கடியில் வீக்கம் இருந்தாலும் அப்படியே.

காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் ஒரு பெண் மருத்துவர். அங்கே கஸ்தூரிபா மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை வைத்தியம் உங்கள் கையில்தான்.

தண்ணீர் வரும் நாள் என்று பச்சை உடம்புக்காரியைக் குடம் தூக்க விடாதீர்கள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் வேண்டாம். பிரசவத்துக்குப் பெண் வருமுன்பே நாலு வெள்ளைத் துணியை மடித்து, எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துவிடுங்கள், சகோதரிகளே!