உங்களுக்குத் தெரியுமா? தெருவுக்கு வந்த மயக்க மருந்து டாக்டர்

ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர் கையெடுத்துக் கும்பிடுவது சர்ஜனைத்தான். அத்தனை நேரமும் தலைமாட்டில் நின்று அவருடைய மூச்சுக்குப் பொறுப்பேற்ற மயக்க மருந்து டாக்டரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் இன்று பள்ளிக்கூடம் முதல் போலீஸ் பயிற்சி மைதானம்வரை சொல்லித் தரப்படும் சி.பி.ஆர். முதலுதவியில் பெரும்பங்கு, அப்படிப்பட்ட ஒரு டாக்டரின் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து வந்ததுதான். பெயர் பீட்டர் சஃபார் (1924–2003). வியன்னாவில் பிறந்தவர், அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்தவர்.

★ ஹிட்லரின் படைக்கு ஆள் பிடித்தபோது அவரைக் காப்பாற்றியது ஒரு களிம்பு. சஃபாருக்குக் கரப்பான் என்னும் தோல் நோய்த் தொல்லை இருந்தது. காசநோய்ப் பரிசோதனைக்கு உதவும் ட்யூபர்குலின் களிம்பை அதன்மேல் தடவி, தோலை வேண்டுமென்றே புண்ணாக்கிக்கொண்டார். லாயக்கில்லாத ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

★ 1950கள்வரை, மூச்சு நின்றவரைக் குப்புறப் போட்டு, முதுகை அழுத்தி, கைகளைத் தூக்கி இறக்குவதுதான் பாடப்புத்தக முதலுதவி. வாயோடு வாய் வைத்து ஊதுவது மருத்துவச்சிகளுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த வித்தை. படித்தவர்கள்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.

★ நாம் வெளிவிடும் மூச்சிலும் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. இன்னொருவர் உயிரைப் பிடித்து வைக்க அது போதும் என்று 1954ல் எழுதியவர் ஜேம்ஸ் ஈலம், அவரும் மயக்க மருந்து டாக்டரே. 1956ல் கான்சஸ் நகர மாநாட்டிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஈலமும் சஃபாரும் ஒரே காரில் வந்தார்கள். நீண்ட பயணம், பேச்செல்லாம் மூச்சைப் பற்றித்தான். வீட்டுக்கு வந்ததும் சஃபார் சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

★ அந்தச் சோதனையை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும். பால்டிமோர் நகர மருத்துவமனையில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் தாங்களாக முன்வந்து படுத்தார்கள். தூக்க மருந்து கொடுத்து, பிறகு க்யூராரே செலுத்தப்பட்டது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் அதே நஞ்சு. விரல் அசையாது, இமை அசையாது, மூச்சும் நின்றுவிடும். ஆபரேஷன் டேபிளில் மயக்க மருந்து டாக்டர் தினமும் செய்கிற வேலைதான் இது. மூச்சை நிறுத்தவும் தெரியும், திருப்பிக் கொடுக்கவும் தெரியும். ஆனால் இங்கே திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் டாக்டர்கள் அல்லர். மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்கள். செய்முறையை ஒருமுறை காட்டிவிட்டு, ஊதச் சொன்னார் சஃபார். பழைய முறையில் முதுகை அழுத்தியபோது பலருக்கு நுரையீரலில் காற்றே ஏறவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதியதும் மார்பு எழும்பியது, ரத்தத்தில் ஆக்சிஜனும் இறங்காமல் நின்றது. 1958ல் முடிவுகள் அச்சேறின. பாடப்புத்தகங்கள் மாறச் சில ஆண்டுகளே பிடித்தன.

இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: படுத்தவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்து, சம்மதித்துப் படுத்தவர்கள். நோயாளியைக் கேட்காமலே நடந்த ஆய்வுகளை 1966ல் அம்பலப்படுத்திய ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி பீச்சரும் மயக்க மருந்துத் துறைக்காரர்தான்!

★ நினைவிழந்து கிடப்பவரின் தலைக்குத் தலையணை வைக்கிறோமே, அது உபத்திரவம். கழுத்து மடங்கி, தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையைத் தூக்கினாலே பெரும்பாலும் வழி திறந்துவிடும் என்பதை எக்ஸ்ரே படங்களோடு காட்டின சஃபார் குழுவின் கட்டுரைகள். மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். அவர் எழுதியதிலேயே மிகப் பெரிய விஷயம் எனக்கு இதுதான்.

★ மார்பை அழுத்தி இதயத்தை ஓட்டும் முறையின் கதை தனி. 1960ல் அதை வெளியிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மூவரில் கௌவன்ஹோவன் ஒரு மின் பொறியாளர். அழுத்துவதையும் ஊதுவதையும் ஒன்றாகச் சேர்த்ததே சி.பி.ஆர். மூச்சு வழி, மூச்சு, ரத்த ஓட்டம் என்று ஏ, பி, சி வரிசையில் அதை ஊருக்குச் சொன்னவர் சஃபார்.

★ பயிற்சிக்குப் பயன்படும் 'ஆன்' பொம்மையைச் செய்தவர் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால். பாரிஸின் செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண் ஒருத்தியின் முக அச்சுதான் அதன் முகம். மார்பை அழுத்திப் பழக உள்ளே ஒரு ஸ்பிரிங் வைக்கச் சொன்னது சஃபார்.

★ 1966ல் சஃபாரின் 11 வயது மகள் எலிசபெத், ஆஸ்துமா முற்றி நினைவிழந்தாள். இதயம் திரும்ப ஓடியது, நுரையீரலும் இயங்கியது, மூளை மட்டும் திரும்பவில்லை. அதன் பிறகு அவர் ஆய்வு முழுவதும் மூளையைக் காப்பதை நோக்கித் திரும்பியது.

★ சஃபார் பிறகு குடியேறிய பிட்ஸ்பர்க்கில், அந்தக் காலத்தில் விபத்தில் அடிபட்டவரை ஏற்றிச் செல்ல வந்தது போலீஸ் வண்டி, இல்லாவிட்டால் பிண வண்டி. பின்னால் அவரோடு உட்கார ஆள் கிடையாது. 1967ல் தொடங்கிய 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவைக்கு, ஹில் பகுதியின் வேலையற்ற கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார்கள். சஃபார் அவர்களை ஆபரேஷன் தியேட்டருக்கே அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார். இன்றைய 'பாராமெடிக்' என்னும் தொழிலுக்கு வழி காட்டியவர்கள் அவர்களே. 1975ல் நகர நிர்வாகம் சேவையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. அந்த இளைஞர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். வெட்கக்கேடு.

★ 1988ல் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம். சஃபாரின் பிட்ஸ்பர்க் குழு அங்கே போய், பிழைத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. இடிபாட்டில் சிக்கியவர்கள் எல்லோரும் அந்த நிமிடமே சாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலுதவி தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்களும் இருந்தார்கள்.

★ இதயம் நின்று மீண்டவரின் உடலை லேசாகக் குளிர வைத்தால் மூளை பிழைக்கும் என்ற சஃபாரின் கருத்துக்கு 2002ல் வெளிவந்த இரு மருத்துவ ஆய்வுகள் கைகொடுத்தன. 2021ல் வந்த பெரிய ஆய்வோ, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டாலே அதே பலன்தான் என்றது.

★ இன்னொன்று கதைபோலிருக்கும். ரத்தம் கொட்டிச் சில நிமிடங்களில் இறக்கும் போர்வீரனின் காயத்தைத் தைக்க முடியும், நேரம்தான் இல்லை என்றார் ராணுவ சர்ஜன் ரோனல்டு பெல்லமி. அப்படியானால் நேரத்தையே நிறுத்தி வைப்போம் என்று 1984ல் அவரும் சஃபாரும் யோசித்தார்கள். குளிர்ந்த உப்பு நீரைப் பெருந்தமனியில் பாய்ச்சி, நாய்களின் உடல் வெப்பத்தை 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கினார்கள். இதயம் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் மூளை சேதமின்றி எழுந்த நாய்களைப் பற்றிய கட்டுரை வந்தது 2003ல், சஃபார் இறந்த அதே ஆண்டில். அவருடைய மாணவர் சாமுவேல் டிஷர்மன், பால்டிமோரில் இதை மனிதரிடமும் செய்துபார்த்திருப்பதாக 2019ல் அறிவித்தார்.

★ கடைசியாக, நமக்கு வேண்டியது. ஏ, பி, சி வரிசை 2010ல் மாறிவிட்டது. பெரியவர்களுக்கு முதலில் மார்பு அழுத்தம், பிறகுதான் மற்றவை. இந்திய மயக்கவியல் மருத்துவர்களும் 2017ல் பொதுமக்களுக்கென்றே ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். அதில் ஊதும் வேலையே இல்லை. கண்ணெதிரே ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் கையை வைத்து, நிமிடத்துக்கு 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள், வண்டி வரும்வரை. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஊதுவதும் சேர்ந்தே வேண்டும். அதைப் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்வது நல்லது.