தீயணைப்புப் படையினரோடு ஒரு பகல்

சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு விரைகையில் சாலையோரம் ஒதுங்கி நின்று வியப்பதைத் தவிர, அதில் அமர்ந்து செல்வோரின் தொழிலைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு யாதொரு ஞானமும் இல்லை. ஏப்ரல் 14 முதல் 20 வரை அனுஷ்டிக்கப்படும் தீத்தொண்டு வாரத்தில், தருமபுரியில் அவர்களது பயிற்சியில் ஒரு பகற்பொழுது கலந்துகொள்ளும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. 1944ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 14ஆம் தேதி, பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருங்கே சுமந்து பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பலின் தீயை அணைக்கப் போராடி, அது வெடித்தபோது மாண்ட 66 வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தியே அவ்வாரம் தொடங்குகிறது.

தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோர் அதை ஒருமுறை பிடித்துப் பார்க்கவேண்டும். தரையில் துவண்டு கிடந்த துணிக்குழாய், பம்பு இயங்கிய மாத்திரத்தில் பருத்து விறைத்து, ஜலம் முன்னே பாயப் பாய என்னைப் பின்னே தள்ளிற்று. முதுகுக்குப் பின் ஒரு வீரர் தோள்கொடுத்து நின்றதனால் விழாமல் தப்பினேன். "ஜுவாலையைப் பார்க்காதீங்க சார், அதோட அடியைப் பாருங்க" என்றார் அவர்.

ஆயினும் அன்றைய பாடங்களுள் தலையாயது சமையலறையைப் பற்றியதே. வீடுதோறும் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரின் வாயில் தீ வைத்துக் காட்டினார்கள். நனைத்த சாக்கை இரு கைகளாலும் முகத்துக்கு முன்னே விரித்துப் பிடித்து, காற்று வீசும் திசையிலிருந்து அணுகி, அதன் வாயை மூடி, உடனே வால்வைத் திருகவேண்டும். அருகில் செல்லச் செல்லக் கால்கள் மறுத்தபோதிலும், சாக்கு விழுந்ததும் தீ அவிந்துவிட்டது. எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடு பரவித் தாழ்ந்த இடங்களில் தங்குகிறது. அவ்வேளையில் மின்விசிறியின் சுவிட்சைத் தொடுவது வினையை விலைகொடுத்து வாங்குவதாகும். கதவு, ஜன்னல்களைத் திறப்பதே முதற்காரியம். எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றுவதோ அதனினும் விபரீதம்: எண்ணெயின் அடியில் சென்ற நீர், கொதித்து ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாய் விரிந்து, எரியும் எண்ணெயையே கூரைமட்டும் வாரி இறைக்கிறது. இவ்வித்தையை அடுப்பு மூட்டும் யாவரும் கற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அன்று வந்திருந்தவர்களில் சமையல் செய்பவர்கள் வெகு சொற்பம்!

நெருப்பு எவ்வளவு அற்ப அவகாசமே தருகிறது என்பதை இவ்வூராருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2000 பிப்ரவரி 2ஆம் தேதி இலக்கியம்பட்டியில் பேருந்து எரிக்கப்பட்டு, கல்விச் சுற்றுலா வந்திருந்த வேளாண் கல்லூரி மாணவியர் மூவர் மாண்டதை அவர்கள் மறந்திலர்.

பிற்பகலில் கயிற்றுப் பாடம். வறண்ட பூமியான இம்மாவட்டத்தில் ஆழ்ந்த கிணறுகள் பலவாகையால், ஆடோ மாடோ மனிதரோ தவறி விழுந்தால் மக்கள் கூவி அழைப்பதும் இவர்களைத்தான். நெடுநாள் பயன்படாத கிணற்றின் அடியில் பிராணவாயு குறைந்து விஷவாயு தேங்கியிருக்கக்கூடும் என்பதை அறியாமல், விழுந்தவரைக் காக்க இறங்கியவரும் மயங்கி மாளும் பரிதாபத்தை அவர்கள் விவரித்தபோது, கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. பிறகு ஒரே கயிற்றில் இரண்டு கண்ணிகள் இட்டு, ஒன்றை என் அக்குள்களின் கீழும் மற்றொன்றை முழங்கால்களின் பின்புறமும் மாட்டி, மாடியிலிருந்து மெதுவாக இறக்கினார்கள். அதன் பெயர் நாற்காலி முடிச்சு. அதை நம்பி அந்தரத்தில் உட்கார்வதற்கு, நெருப்பை அணுகியதைவிட அதிக தைரியம் எனக்கு வேண்டியிருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 101 அல்லது 112ஐ அழைக்கும்போது "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கதறி வைத்துவிடாதீர்கள். 'அள்ளி' என்றும் 'பட்டி' என்றும் முடியும் ஊர்கள் நிறைந்த இம்மாவட்டத்தில், எந்த ஊர், எந்தச் சாலை, பக்கத்தில் இருப்பது கோயிலா பள்ளிக்கூடமா, எரிவது இன்னது என்று நிதானமாகச் சொல்லுங்கள். வண்டிக்கு வழிகாட்ட ஒருவரைச் சாலைமுனையில் நிறுத்துங்கள்.