உங்களுக்குத் தெரியுமா? ஆர்டிசோக்கின் விதை தாயைப் போலப் பிறக்காது!

ஆர்டிசோக் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. உணவாவது அதன் மலராத மொட்டு. மத்தியதரைக்கடல் நாடுகளில் இதை நெடுங்காலமாக விதையைவிட, வாழையைப் போலப் பக்கக்கன்றைப் பிரித்து நட்டே அதிகம் வளர்த்துவந்தார்கள். இது வெறும் பழக்கதோஷம் அல்ல. அயல் மகரந்தச் சேர்க்கையில் உருவாகும் விதையில் தாயின் பண்புகள் கலைந்துபோகின்றன. ஒட்டுமாவின் கொட்டையை நட்டால் அதே பழம் கிடைக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? அதே கதைதான் இங்கும். ஒரே பொட்டலத்து விதைகளில் ஒன்று பருத்த மொட்டு விடும். இன்னொன்று முள்ளும் கிளையுமாக நிற்கும். பக்கக்கன்றோ தாயின் அச்சு. கலிபோர்னியாவின் காஸ்ட்ரோவில் வட்டாரம் 'கிரீன் குளோப்' ரகத்தைக் வேரோடு கூடிய அடிக்கட்டையைப் பிரித்து நட்டே பேர்பெற்றது.

அப்படியானால் விதை வீண்தானா? இல்லை. தாய்ச்செடியின் வைரஸ் நோயும் கன்றோடு சேர்ந்து வரக்கூடும். விதை அந்தத் தொடரைப் பெரும்பாலும் அறுத்துவிடும். விதைச்செடி முதலாண்டில் மொட்டு விடாது என்ற குறையும் முழு உண்மையல்ல. இளஞ்செடி சில வாரங்கள் 10 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிரை அனுபவித்தால் மொட்டு விடத் தூண்டப்படும். 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அறிமுகமான 'இம்பீரியல் ஸ்டார்', குறைந்த குளிரிலேயே முதலாண்டில் மொட்டு தருவதற்கென உருவாக்கப்பட்ட விதை ரகம். செடிகளும் ஓரளவு சீராக வளரும். ஆகவே விதையா, கன்றா என்பதைவிட, எந்த ரகம், எவ்வளவு குளிர் என்பதே சரியான கேள்வி.